தண்ணி வராதுன்னு சொல்லலாம், ஏன் வரலைன்னு கேக்கக் கூடாதா?

கடலோரவாசி:
எங்க பக்கத்துல ஒரு சமுதாய வானொலிக்கு (ஊர் மக்களுக்காக நடக்குற சின்ன ரேடியோ) வாரம் ரெண்டு நாள் சம்பளமில்லாம நிகழ்ச்சி பண்றேன். போன வாரம் குடிதண்ணி பத்தி நேயர் பேச்சு. "4ஆவது வார்டுக்கு இன்னைக்குத் தண்ணி வராது"ன்னு நான் அறிவிக்கலாம், தப்பில்லை. ஒரு அக்கா போன்ல வந்து, "பதினோரு நாளா வரலை தம்பி, குழாய் பதிச்ச கான்ட்ராக்ட் யாருக்குப் போச்சு?"ன்னு கேட்டாங்க. பொறுப்பாளர் அதை வெட்டிட்டார். நடப்பு விவகாரமாம், எங்க மாதிரி வானொலி அதைப் பேசக் கூடாதாம், லைசென்சுக்கு ஆபத்தாம். செய்தி வேணும்னா ஆகாசவாணியில வர்றதை அப்படியே திருப்பி ஒலிபரப்பணும். அலைக்கற்றை பொதுச்சொத்துன்னு 1995லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு (அதுவும் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்குல!). பொதுச்சொத்துல பொதுமக்கள் வாய் திறக்கக் கூடாதா?

மர்ஃபி ரேடியோ:
தம்பி, காலை 7.15க்கு ஆகாசவாணியில் சரோஜ் நாராயணஸ்வாமி செய்தி வாசிக்கும் குரல் கேட்டுப் பள்ளிக்கூடம் கிளம்பினவன் நான். அந்த ஒரு குரலுக்குப் பின்னால் நிருபர், மொழிபெயர்ப்பாளர், ஆசிரியர் என்று எத்தனை பேர்! உங்களிடம் இருப்பது 100 வாட் டிரான்ஸ்மிட்டரும் ரெண்டு பிள்ளைகளும். சுற்றி பத்து கிலோமீட்டருக்குள் எல்லாரும் சொந்தம், இல்லையென்றால் பகை. கோயில் முதல் மரியாதைக்கே மண்டை உடையும் ஊரில் ஒரு வரி பிசகினால் என்ன ஆகும்? 1994இல் ருவாண்டாவில் ஒரு வானொலி இனப்படுகொலையைத் தூண்டியது உலகத்துக்கே தெரியும்.

கடலோரவாசி:
ஐயா, குழாய்த் தண்ணியில தொடங்கி ருவாண்டாவுக்குப் போயிட்டீங்க. அந்த ஸ்டேஷனுக்குப் பின்னாடி ஆட்சியில இருந்த ஆளுங்களே இருந்தாங்க. இங்க கட்சிகளுக்கு லைசென்சே கிடையாது. ஒலிபரப்பினதையெல்லாம் மூணு மாசம் பதிவா வெச்சிருக்கணும். உங்க வாட்ஸ்அப் குரூப்புக்கு அப்படி ஏதாவது இருக்கா? நேபாளத்துல ரேடியோ சாகர்மாதா 1997ல இருந்து ஓடுது, செய்தியும் சொல்லுது. அந்த ஊர் கெட்டா போச்சு?

கோப்பு எண் 12:
நேபாளத்தில் 2005இல் மன்னர் ஞானேந்திரா ஆட்சியைக் கையில் எடுத்ததும் எஃப்.எம். செய்திக்குத் தடை போட்டார். பயந்தது யார் என்று பாருங்கள்.
விதி விஷயத்துக்கு வருகிறேன். தனியார் எஃப்.எம்.முக்கான 2011 கொள்கை, போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, மின்சாரம், தண்ணீர், பேரிடர் இதெல்லாம் 'செய்தி அல்ல' என்கிறது. சமுதாய வானொலிக்கும் ஏறக்குறைய அதே கோடுதான். காமன் காஸ் என்ற பொதுநல அமைப்பு 2013இல் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. தகவல் எங்கே முடிகிறது, செய்தி எங்கே தொடங்குகிறது என்று யாராலும் கோடு கிழிக்க முடியாது. அதனால்தான் உங்கள் பொறுப்பாளர் கத்தரியைக் கையிலேயே வைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்லாதீர்கள்.

பாம்பன் பொண்ணு:
எங்க ஊர்ல கடல் ஓசை 90.4 இருக்கு, 2016ல இருந்து. மீனவங்களே தொடங்கினது. காத்து எப்படி, அலை எப்படின்னு சொல்றதைக் கேட்டுத்தான் பல வீட்டுல கடலுக்கு அனுப்புறோம். அதெல்லாம் சரி. நெடுந்தீவு பக்கம் இலங்கை நேவி படகைப் பிடிச்சிட்டாங்கன்னா எந்தப் படகு, யார் யாருன்னு தெரிஞ்சிக்க நாங்க படகுத்துறைக்குத்தான் ஓடணும். புயலு தகவலாம், புருஷன் பிடிபட்டா செய்தியாம். எந்த ஊரு நியாயம் அண்ணே?

மர்ஃபி ரேடியோ:
வலிக்கிறது அம்மா, மறுக்கவில்லை. ஆனால் ரேடியோவில் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டால்?

பாம்பன் பொண்ணு:
இப்ப மட்டும் சரியாவா வருது? எங்க மச்சான் பேரு ஒரு ராத்திரி முழுக்க வாட்ஸ்அப்ல சுத்துச்சு. மனுசன் வீட்டுல தூங்கிக்கிட்டு இருந்தார். யார் போட்டதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ரேடியோன்னா நேரா போய் சண்டையாவது போடலாம்.

மர்ஃபி ரேடியோ:
அந்தக் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை. பெயர், படகு எண் சொல்லட்டும் என்கிறேன். கான்ட்ராக்ட் பேச்சு வேறு. 2024இல் விளம்பர நேரத்தை மணிக்கு 12 நிமிடம் ஆக்கினார்கள், அரசு விளம்பரத்துக்கு 10 வினாடிக்கு 74 ரூபாய். அந்தக் காசை நம்பி ஓடும் ஸ்டேஷன், காசு கொடுக்கிறவரையே கேள்வி கேட்குமா? கேட்காது. பக்கத்து ஊர்க்காரரை மட்டும்தான் கேட்கும்.

கடலோரவாசி:
இது நியாயமான கேள்வி ஐயா. எங்க கரண்ட் பில்லே விளம்பரக் காசுலதான் கட்டுறோம். பதில் தெரிஞ்சா கண்டிப்பா எழுதுறேன்.
நாளைக்கு எனக்கு நேயர் விருப்பம். அந்த அக்காவே பாட்டுக் கேட்டு எழுதியிருக்காங்க. பாட்டு போடறதுக்கு முன்னாடி, "வீட்டுல எல்லாரும் சவுக்கியமா, தண்ணியெல்லாம் வருதா?"ன்னு கேக்கப் போறேன். நலம் விசாரிக்கிறது நடப்பு விவகாரத்துல வராதே?

கோப்பு எண் 12:
வராது. பதிவை மட்டும் மூன்று மாதம் பத்திரமாக வையுங்கள்.