ள, ழ ஒலிகளைக் காதால் பிரித்தறியப் பயிற்றுவது எப்படி?

மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் சொல்வதெழுதுதலில் ளகர ழகரங்களைத் தொடர்ந்து மாற்றி எழுதுகிறாள்; ‘பழம்’ ‘பளம்’ ஆகிறது, ‘கிளி’ ‘கிழி’ ஆகிறது. நாங்கள் மதுரையில் வசிக்கிறோம். வீட்டிலும் தெருவிலும் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிப்பதால், எழுத்தில் இரண்டாக இருப்பவை அவள் காதில் ஒன்றாகவே விழுகின்றன. வாசிப்பதிலும் பார்த்து எழுதுவதிலும் தடுமாற்றமே இல்லை. செவித்திறன் பரிசோதனையிலும் குறை தெரியவில்லை. ‘ந’ எழுத்து சொல்லின் முதலிலும் ‘த’ எழுத்துக்கு முன்னும் வருவதால், ந, ன இரண்டையும் இடத்தை வைத்தே சரியாக எழுதிவிடுகிறாள். ள, ழ இரண்டுமோ சொல்லின் இடையிலும் கடையிலும் ஒருசேர வருவதால் அந்த வழி இங்கே உதவவில்லை.

ளகரத்துக்கு நாநுனி அண்ணத்தைத் தொடும், ழகரத்துக்குத் தொடாமல் வளைந்து நிற்கும் என்று கண்ணாடி முன் பழக்கினேன். இப்போது ழகரத்தைத் திருத்தமாக ஒலிக்கிறாள். ஆனால் பிறர் சொல்லக் கேட்டால் எது எதுவென்று அவளால் கூற முடியவில்லை, இதுதான் எனக்கு விளங்காத இடம். ‘வாளை–வாழை’, ‘வலி–வழி–வளி’ போன்ற சொற்களை என் குரலில் பதிவுசெய்து கேட்கவைத்தும் பெரிய மாற்றமில்லை. ஆங்கில ர, ல ஒலிகளைப் பிரித்தறியாத ஜப்பானியர்களுக்குப் பலருடைய குரல்களைக் கேட்கவைத்துப் பயிற்றுவது பலன் தந்திருப்பதாகப் படித்தேன்.

தமிழ்க் குழந்தைகளுக்கு ள, ழ வேறுபாட்டைச் செவிவழியாகப் பயிற்றி வெற்றிகண்டவர்கள், எந்தச் சொற்களில் தொடங்கி எந்த வரிசையில் கொண்டுசென்றீர்கள்?