ரெட்மைன்: 'தன் பணி மட்டும்' என்று ரோல் கொடுத்தும் எல்லோருடைய பணியும் கூலியும் தெரிகிறது. உதவி தேவை

முகப்பு_காரைக்குடி:

வணக்கம். காரைக்குடியில் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் புதுப்பித்துக் கொடுக்கும் சிறிய அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வேலைகளைத் தொடர்ந்து கவனிக்க எங்கள் கணினியிலேயே ரெட்மைன் என்ற மென்பொருளை நிறுவியிருக்கிறோம். ஒவ்வொரு வீடும் ஒரு திட்டம். அதற்குள் தரை, மரவேலை, சுண்ணாம்புப் பூச்சு என்று மூன்று துணைத்திட்டங்கள். ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் வண்ணக் கல்) பட்டறைக்காரர், தச்சர், கொத்தனார் மேஸ்திரி, வீட்டுப் பங்காளிகள் எல்லோருக்கும் உள்நுழையக் கணக்கு கொடுத்திருக்கிறோம். பங்காளிகளில் இருவர் பினாங்கில், ஒருவர் சிங்கப்பூரில், மற்றவர்கள் சென்னையில். அதனால்தான் இந்த ஏற்பாடே.

சென்ற வாரம் இரண்டு சங்கடங்கள் நடந்துவிட்டன.

முதலாவது: கல் பட்டறைக்காரருக்கு 'கைவினைஞர்' என்று ஒரு ரோல் (யார் எதைப் பார்க்கலாம், எதைச் செய்யலாம் என்ற அனுமதித் தொகுப்பு) உருவாக்கி, 'இஷ்யூஸ் விசிபிலிட்டி' என்ற இடத்தில் தான் எழுதியவை, தனக்கு ஒப்படைத்தவை மட்டும் தெரியட்டும் என்று வைத்தேன். ஆனால் அவர் தொலைபேசியில் அழைத்து, "தச்சருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு கொடுக்கிறீர்களே, என் கூலியைக் கேட்டபோது கையை விரித்தீர்களே அம்மா" என்றார். அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து எங்களுக்குக் கல் ஊற்றித் தருகிற குடும்பம் அது. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டாவது: வளவுத் (நடுமுற்றம்) தாழ்வாரத்தில் உடைந்த கற்களை மாற்ற ஒரு பணி. பழைய விளிம்புக் கல்லின் சிவப்பு, காலடி பட்டுப் பட்டு அடர்ந்து, கிட்டத்தட்ட காய்ந்த நாவல்பழத் தோல் போல இருக்கிறது. புதிய மாதிரியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் முடிவு செய்வதாக இருந்தோம். அதற்குள் பினாங்குப் பங்காளி ஒருவர் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு நல்லெண்ணத்தில் 'முடிந்தது' என்று மாற்றிவிட்டார். பட்டறையில் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு 350 கற்கள் ஊற்றிவிட்டார்கள். கொண்டுவந்து பழைய கல்லோடு சேர்த்து வைத்தால் குங்குமம் கொட்டினது போல இருக்கிறது. கண்ணாடித் தட்டின் மேல் கையால் வண்ணம் ஊற்றிச் செய்யும் கல் அது. ஊற்றிய பிறகு நிறத்தைத் திருத்த வழியே இல்லை. 'வீட்டார்' ரோலுக்குப் பார்ப்பது, புதுப் பணி எழுதுவது, குறிப்பு எழுதுவது மட்டும்தான் கொடுத்ததாக நினைத்திருந்தேன்.

எங்கே தவறு? ரோலை அழித்துத் திரும்ப உருவாக்கியும் பார்த்துவிட்டேன். எங்கள் கணக்கிலிருந்து பார்த்தால் எதுவும் மாறினதாகத் தெரியவில்லை.

கோட்டையூர்க்காரன்:

வணக்கம் அம்மா. பட்டறைக்காரருக்கு இன்னொரு ரோலும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். அனுமதி எதுவுமே இல்லாத வெறும் ரோல் ஒன்றை உருவாக்கி அதையும் அவருக்குக் கொடுத்தால், அது முதல் ரோலைக் கட்டுப்படுத்திவிடும்.

தேவகோட்டை_ஆச்சி:

தம்பி, அப்படிச் செய்ய வேண்டாம். ரெட்மைனில் ஒருவருக்கு இரண்டு ரோல் இருந்தால் இரண்டின் அனுமதிகளும் கூடும், ஒன்றை ஒன்று குறைக்காது. சாவிக்கொத்தில் இன்னொரு சாவியைக் கோத்தால் எந்த அறை பூட்டிக்கொள்ளும்?

முகப்பு, முதலில் ஒரு கேள்வி. சோதித்துப் பார்த்தது உங்கள் சொந்தக் கணக்கிலா? அதில் அட்மினிஸ்ட்ரேட்டர் குறி இருக்கிறதா? இருந்தால் அந்தச் சோதனைக்குப் பொருளே இல்லை. அட்மினிஸ்ட்ரேட்டருக்கு ரோல் எதுவும் தடை இல்லை, எல்லாத் திட்டமும் திறந்தே இருக்கும். சென்னையில் மென்பொருள் சோதனைப் பிரிவில் 20 வருடங்களுக்கு மேல் இருந்தேன். இந்த ஒரு காரணத்தால் வீணான நாட்களை எண்ணி முடியாது.

இன்னும் மூன்று விவரம் வேண்டும். பட்டறைக்காரர் எந்தெந்தத் திட்டத்தில் உறுப்பினர்? அவர் ஏதாவது குழுவில் இருக்கிறாரா? திட்டங்களின் அமைப்புப் பக்கத்தில் 'பப்ளிக்' என்ற கட்டத்தில் குறி இருக்கிறதா?

முகப்பு_காரைக்குடி:

ஆச்சி, என் கணக்கில் அட்மினிஸ்ட்ரேட்டர் குறி இருக்கிறது. அதை யோசிக்கவே இல்லை.

பட்டறைக்காரர் 'தரை' துணைத்திட்டத்தில் மட்டும் உறுப்பினர். மரவேலையில் அவர் பெயரே இல்லை, இருந்தும் தச்சர் கூலி தெரிந்திருக்கிறது. 'ஒப்பந்தக்காரர்' என்று ஒரு குழு இருக்கிறது, அதில் அவரும் தச்சரும் மேஸ்திரியும் இருக்கிறார்கள். பப்ளிக் கட்டத்தில் நான்கு திட்டங்களிலுமே குறி இருக்கிறது. நான் வைக்கவில்லை, தானாகவே இருந்தது.

தேவகோட்டை_ஆச்சி:

தானாகத்தான் இருந்திருக்கும். புதுத் திட்டம் பப்ளிக்காகவே பிறக்க வேண்டும் என்பது ரெட்மைனில் முன்னிருப்பு அமைப்பு. பொது அமைப்பில் திட்டங்கள் பகுதிக்குப் போய் அதை எடுத்துவிடலாம். ஆனால் அது இனி உருவாக்கும் திட்டங்களுக்குத்தான் பொருந்தும். இருக்கிற நான்கிலும் ஒவ்வொன்றாகப் போய்க் குறியை எடுக்க வேண்டும்.

மரவேலைக் கணக்கு அவருக்குத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். ரெட்மைனில் நாம் உருவாக்காமலே இரண்டு ரோல்கள் இருக்கின்றன: 'நான் மெம்பர்' (Non member), 'அனானிமஸ்' (Anonymous). முதலாவது, உள்நுழைந்தவர், ஆனால் அந்தத் திட்டத்தில் உறுப்பினர் இல்லை. இரண்டாவது, உள்நுழையாதவர். இவற்றை அழிக்க முடியாது, அனுமதிகளை மட்டும் மாற்றலாம். உங்கள் பட்டறைக்காரர் தரைத் திட்டத்துக்குள் 'கைவினைஞர்'. பக்கத்து மரவேலைத் திட்டத்தில் உறுப்பினர் இல்லாததால், திட்டம் பப்ளிக் என்றவுடன் அங்கே அவர் 'நான் மெம்பர்' ஆகிவிடுகிறார். நீங்கள் கவனமாக வைத்த கட்டுப்பாடு அந்தத் திட்டத்தில் செல்லுபடியாகவே இல்லை.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். வளவு எல்லோருக்கும் பொது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி, பூட்டு தனி, சாவி தனி. நீங்கள் அறைக்குப் பூட்டுப் போட்டதாக நினைத்துக்கொண்டு, வீடு முழுவதையும் வளவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

முகப்பு_காரைக்குடி:

நான்கிலும் குறியை எடுத்துவிட்டேன். பட்டறைக்காரர் இருக்கும் அதே குழு, அதே ரோல் வைத்து ஒரு சோதனைக் கணக்கு உருவாக்கி நுழைந்தேன். மரவேலையும் பூச்சும் மறைந்துவிட்டன! ஆனால் தரைக்குள் போனால் இன்னும் எல்லாப் பணிகளும் தெரிகின்றன. ஒப்படைத்தவை நான்குதான், பட்டியலில் முப்பதுக்கு மேல் வருகிறது.

பள்ளத்தூர்_மணி:

அது குழுவின் வேலையாக இருக்கும் அம்மா. தரைத் திட்டத்தின் அமைப்பில் உறுப்பினர் பக்கத்தைத் திறந்து, அந்தப் பெயருக்கு நேரே எத்தனை ரோல் வருகிறது என்று பாருங்கள். திருத்தப் போனால் ஒரு ரோலின் கட்டம் மங்கிப்போய், குறியை எடுக்க விடாமல் இருக்கும். அப்படி இருந்தால் அது குழு வழியாகவோ மேல் திட்டத்திலிருந்தோ வந்த ரோல். வந்த இடத்தில்தான் எடுக்க வேண்டும்.

முகப்பு_காரைக்குடி:

ஆமாம் ஐயா! 'கைவினைஞர், ரிப்போர்ட்டர்' என்று இரண்டு வருகிறது. ரிப்போர்ட்டர் கட்டம் மங்கியிருக்கிறது. குழுவை மேல் திட்டத்தில் ரிப்போர்ட்டராகச் சேர்த்திருக்கிறோம். துணைத்திட்டத்தில் 'இன்ஹெரிட் மெம்பர்ஸ்' (மேல் திட்டத்து உறுப்பினர்கள் இங்கேயும் வரட்டும்) என்ற கட்டத்திலும் குறி இருக்கிறது. ஆனால் அப்படியென்றால் அது மரவேலைக்கும் போயிருக்க வேண்டுமே?

பள்ளத்தூர்_மணி:

மரவேலையில் அந்தக் குறி இல்லாமல் இருக்கும், பாருங்கள். அது திட்டத்துக்குத் திட்டம் தனியாக வைப்பது.

ரிப்போர்ட்டர் ரோலில் பார்வை அகலமாக இருக்கிறது, கைவினைஞரில் குறுகலாக இருக்கிறது. இரண்டும் ஒருவரிடம் இருந்தால் அகலமானதுதான் நிற்கும். மேல் திட்டத்தில் குழுவை உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுங்கள். இல்லையென்றால் தரையில் 'இன்ஹெரிட்' குறியை எடுங்கள். என்னைக் கேட்டால் இரண்டையும் செய்யச் சொல்வேன். ஒப்பந்தக்காரருக்கு மேல் திட்டத்தில் வேலையே இல்லை.

இன்னொன்று. 'தன் பணி மட்டும்' என்பதில், அவர் இருக்கும் குழுவுக்கு ஒப்படைத்த பணியும் சேரும். 'ஒப்பந்தக்காரர்' குழுவின் பெயருக்கு ஒரு பணியை ஒப்படைத்தால், அந்தத் திட்டத்தில் உறுப்பினராக இருக்கும் குழுக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும். கூலி விவரம் உள்ள பணியை ஒருபோதும் குழுவுக்கு ஒப்படைக்க வேண்டாம்.

தேவகோட்டை_ஆச்சி:

மணி சொல்வது சரி. இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்தப் பார்வைக் கட்டுப்பாடு பணிகளுக்கு மட்டும்தான். விக்கி (திட்டத்துக்குள் நாமே எழுதி வைக்கும் பக்கங்கள்), ஆவணம், கோப்புகள் எல்லாவற்றுக்கும் அனுமதி வேறு. வேலை நேரப் பதிவுக்கும் ரோலில் தனியாக ஒரு பார்வை அமைப்பு இருக்கிறது. பங்காளிகளின் பங்குக் கணக்கை விக்கியில் எழுதி வைத்திருக்கிறீர்களா?

முகப்பு_காரைக்குடி:

வைத்திருக்கிறோம் ஆச்சி. யார் யார் எவ்வளவு பணம் கொடுத்தார்கள், யார் பாக்கி என்பது உட்பட. இதை எழுதும்போதே நெஞ்சு பதறுகிறது. ஒரே வீட்டில் ஏழு பங்கு. அந்தப் பட்டியல் வெளியே போனால் மனிதர்களுக்குள் மனக்கசப்பு வந்துவிடும்.

தேவகோட்டை_ஆச்சி:

பதற வேண்டாம். இன்றே அந்தப் பக்கத்தை அங்கிருந்து எடுத்து, 'கணக்கு' என்று தனியாக ஒரு துணைத்திட்டம் திறந்து, அதில் உங்கள் அலுவலகத்து ஆட்களை மட்டும் உறுப்பினராக்குங்கள். பப்ளிக் குறி, இன்ஹெரிட் குறி இரண்டும் இல்லாமல் திறக்க வேண்டும். பிறகு கைவினைஞர் ரோலில் விக்கி பார்க்கும் அனுமதியையும் எடுத்துவிடுங்கள்.

கூலித் தொகையைப் பணியின் விவரத்திலேயே எழுதுகிறீர்களா, தனிப் புலமாக வைத்திருக்கிறீர்களா?

முகப்பு_காரைக்குடி:

'கூலி' என்று தனிப் புலம், கஸ்டம் ஃபீல்ட்.

தேவகோட்டை_ஆச்சி:

அப்படியானால் எளிது. அந்தப் புலத்தின் அமைப்பில் எல்லோருக்கும் தெரியட்டும் என்பதற்குப் பதிலாக, குறிப்பிட்ட ரோல்களுக்கு மட்டும் என்று மாற்றி, மேற்பார்வை ரோலை மட்டும் தேர்வு செய்யுங்கள். பணி தெரிந்தாலும் தொகை தெரியாது. குறிப்பில் யாராவது தொகையை எழுதிவிட்டால் இது காப்பாற்றாது, அதை அலுவலகத்தில் சொல்லி வையுங்கள்.

கோட்டையூர்க்காரன்:

நான் முதலில் சொன்னது தவறு, மன்னிக்க வேண்டும். ஆச்சி சொன்ன பிறகு எங்கள் அலுவலகத்திலும் போய்ப் பார்த்தேன், அங்கும் இரண்டு பேருக்கு இப்படிக் கூடுதல் ரோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முகப்பு, உங்கள் ரெட்மைன் வெளியிலிருந்தும் திறக்கிறது அல்லவா? பொது அமைப்பில் உள்நுழைவு கட்டாயம் என்று வைத்திருக்கிறீர்களா என்று பார்த்துவிடுங்கள். அது இல்லாமல் பப்ளிக் திட்டம் இருந்திருந்தால், கணக்கே இல்லாதவர்கூட முகவரி தெரிந்தால் பார்த்திருக்க முடியும்.

முகப்பு_காரைக்குடி:

அது கட்டாயம் என்றுதான் இருக்கிறது. நல்லவேளை. மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்துவிட்டேன், சோதனைக் கணக்குக்கு ஒரே ஒரு பணியை ஒப்படைத்தேன், அது ஒன்றுதான் தெரிகிறது. கூலிப் புலம் இல்லை.

இப்போது பினாங்குப் பங்காளி விஷயம். 'வீட்டார்' ரோலுக்கான நிலைமாற்றப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பெரிய அட்டவணையில் ஒரு கட்டத்திலும் குறி இல்லை. எப்படி 'முடிந்தது' என்று மாற்றினார்?

பள்ளத்தூர்_மணி:

அந்தப் பணியை முதலில் எழுதியவர் யார்?

முகப்பு_காரைக்குடி:

அவரேதான். "தாழ்வாரத்தில் கல் உடைந்திருக்கிறது, அம்மா தடுக்கி விழுந்துவிடுவார்கள்" என்று எழுதியிருந்தார்.

பள்ளத்தூர்_மணி:

கிடைத்துவிட்டது. ஒர்க்ஃப்ளோ, அதாவது அந்த நிலைமாற்றப் பக்கத்தில் பெரிய அட்டவணையோடு நிறுத்திவிடாமல் கீழே இறங்குங்கள். இன்னும் இரண்டு அட்டவணைகள் இருக்கும். பணியை எழுதியவராக இருந்தால் கூடுதலாக என்னென்ன மாற்றலாம் என்பது ஒன்று, பணி யாருக்கு ஒப்படைக்கப்பட்டதோ அவர் என்னென்ன மாற்றலாம் என்பது மற்றொன்று. எழுதியவர் அட்டவணையில் 'முடிந்தது' கட்டத்தில் குறி இருக்கும். வேறு ரோலிலிருந்து ஒர்க்ஃப்ளோவை நகல் எடுத்தீர்களா?

முகப்பு_காரைக்குடி:

மேற்பார்வை ரோலிலிருந்து நகல் எடுத்து, பிறகு மேல் அட்டவணையில் குறிகளை எடுத்தேன். கீழே இறங்கவே இல்லை. இப்போது பார்த்தேன், எழுதியவர் அட்டவணை முழுக்கக் குறி. ரோலிலும் 'எடிட் ஓன் இஷ்யூஸ்' (தான் எழுதிய பணியைத் திருத்தலாம்) என்ற அனுமதி இருக்கிறது.

தேவகோட்டை_ஆச்சி:

அந்த அனுமதியையும் கீழ் அட்டவணைக் குறிகளையும் எடுங்கள். டிராக்கர், அதாவது பணி வகை, ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒர்க்ஃப்ளோ என்பது ரோலும் டிராக்கரும் சேர்ந்த கணக்கு.

ஆனால் அவரைக் குறிப்பு எழுதக்கூட விடாமல் செய்துவிடாதீர்கள். கடல் கடந்து இருப்பவருக்கு வீட்டோடு இருக்கும் கயிறு அதுதான். 'முடிந்தது' என்பதற்கு முன்னால் 'மாதிரி ஒப்புதல்' என்று ஒரு நிலையை வையுங்கள். அந்த நிலைக்கு மாற்றும் உரிமை மேற்பார்வைக்கு மட்டும். அந்த நிலை வராமல் கல் ஊற்றக் கூடாது என்று பட்டறைக்காரரிடம் வாய்வார்த்தையாகவும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, ரோல்கள் பக்கத்தில் 'பெர்மிஷன்ஸ் ரிப்போர்ட்' என்று ஓர் இணைப்பு இருக்கும். எல்லா ரோலும் எல்லா அனுமதியும் ஒரே அட்டவணையில் வரும். அதை அச்செடுத்து, ஒவ்வொரு வரியாகப் பேனாவால் தொட்டுக்கொண்டே படியுங்கள்.

முகப்பு_காரைக்குடி:

செய்துவிட்டேன் ஆச்சி. அச்செடுத்ததில், 'நான் மெம்பர்' ரோலில் விக்கி பார்க்கும் அனுமதி இருந்ததையும் கண்டுபிடித்து எடுத்தேன்.

நேற்று ஆத்தங்குடிக்கு நேரில் போனேன். பட்டறைக்காரரிடம் கூலி விஷயத்தை மறைக்காமல் பேசினேன். தச்சருடையது நாள் கூலி, அவருடையது சதுர அடிக் கணக்கு, இரண்டையும் எப்படிக் கணக்கிட்டோம் என்று தாளில் எழுதிக் காட்டினேன். இருந்தாலும் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, கொஞ்சம் உயர்த்தியிருக்கிறோம். அவருடைய கைபேசியிலேயே ரெட்மைனைத் திறக்கச் சொன்னேன். நான்கு பணிகள், நான்கும் அவருடையவை.

350 கற்களை வேறொரு வீட்டின் பின்கட்டுக்கு எடுத்துக்கொள்கிறோம். அங்கே புதுத் தரை, ஒப்பிடப் பழைய கல் இல்லை. புது மாதிரியில் சிவப்போடு ஒரு துளி கருப்புச் சேர்த்து ஊற்றியிருக்கிறார். தண்ணீர்த் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது. எடுத்துக் காய்ந்ததும் தாழ்வாரத்தில் வைத்துப் பார்ப்போம். பினாங்குக்காரரும் படம் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பணி இன்னும் 'மாதிரி ஒப்புதல்' நிலைக்கு மாறவில்லை, காத்திருக்கிறது.

இந்த இழையைத் தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன். ஆச்சிக்கும் மணி ஐயாவுக்கும் கோட்டையூர் அண்ணனுக்கும் நன்றி.