கரையில நின்னு கணவாய் பிடிக்கிறவங்க வாங்க, மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்க

ராத்தூண்டில் (மெல்போர்ன்)

ஃப்ளிண்டர்ஸ் பியர் (கடலுக்குள்ள நீட்டிக் கட்டின பாலம்), வெளிச்சம் இறங்குற நேரம், காத்து சுத்தமா இல்ல, கீழ கடல்புல் ஆடுறது வரைக்கும் தெரியுது. 3.0 சைஸ் ஆரஞ்சு ஜிக், அதாவது இறால் மாதிரி இருக்குற போலி இரை. ரெண்டு வெட்டு வெட்டி இறங்க விட்டேன், நூல் லேசா ஒரு பக்கமா போச்சு, அது என்னன்னு உங்களுக்கே தெரியும். நல்ல சைஸ் கணவாய். ஆனா அதைச் சொல்ல வரலை. அது பக்கத்துலயே இன்னொண்ணு வந்துச்சுங்க. மாட்டினது மை மையா கக்குது, தண்ணியே கலங்கிப் போச்சு, இது விலகவே இல்ல, ஓரடி தள்ளி கூடவே நீந்தி, உடம்பு பூரா பட்டை பட்டையா கலர் மாறி மாறி, நான் முதல் கணவாயை வெளிய தூக்குற வரைக்கும் வந்துட்டு அப்புறம் தூண் ஓரமா அசையாம நின்னுச்சு. மேல என்னையே பாக்குது. பக்கத்துல நின்ன வியட்நாம் அண்ணன் போடு போடுன்னு கத்துறார், ஜிக் கையில ரெடியா இருக்கு, எனக்குப் போடத் தோணலை. வீட்டுக்கு வந்து மிளகு தூக்கலா போட்டு வறுத்தேன், செம டேஸ்ட், முழுசா காலி பண்ணேன், அதான் இன்னும் உறுத்துது. அது ஜோடியா? யாராவது பாத்திருக்கீங்களா?

ஒட்டிமீன்

தம்பி, ஜோடியும் இல்ல கீடியும் இல்ல. அது தின்ன வந்தது. கணவாயைக் கணவாய் தின்னும், ஒண்டு ஏலாமத் துடிக்குது எண்டு தெரிஞ்சால் மற்றது விடாது. நான் இழுத்த ஒண்டில பின்பக்கம் ஒரு துண்டு காணேல்ல, சொண்டால கடிச்ச அடையாளம் வடிவாத் தெரிஞ்சது. நீர் அதுக்குப் பாவம் பாத்து நிண்டிருக்கிறீர்.

என்ர கதை வேற. குயீன்ஸ்கிளிஃப். நல்ல பெரிசு, ரீலில நூல் கிர்ர்ர் எண்டு ஓடுது, சனம் எல்லாம் வந்து கூடீட்டுது. நான் மெல்ல மெல்ல எடுக்கிறன், கெதியா இழுத்தால் கணவாயின்ர கை பிஞ்சு போகும் எல்லோ. கீழால கறுப்பா ஒண்டு வந்துது, திருக்கை எண்டு நினைச்சன், பாத்தால் சீல், கடல்நாய். நூல் ஒருக்கா இறுகிச்சுது, பிறகு பாரமே இல்ல. ஜிக் மேல வந்துது, அதில ரெண்டு நீளக் கை மட்டும் தொங்குது. உடம்பு போட்டுது, கை இன்னும் ஜிக்கை விடேல்ல. கழட்டுவம் எண்டு தொட்டால் என்ர விரலையும் உறிஞ்சிப் பிடிக்குது! பின்னால நிண்ட சின்னப் பெடியன் ஒருத்தன் அழத் தொடங்கீட்டான். நான் அதை வாளியில போடவும் இல்ல, கடலுக்க எறியவும் இல்ல, கன நேரம் விரலில வைச்சுக்கொண்டே நிண்டன்.

பெடோக்காரன்

சீல் எல்லாம் எங்க சிங்கப்பூர்ல இல்ல, எங்களுக்கு பூனையும் ஜாகிங் போறவங்களும்தான். பெடோக் ஜெட்டியில, அதான் கடலுக்குள்ள நீட்டிக் கட்டின பாலத்துல, ராத்திரி இடம் கிடைக்கிறதே பெரிய விஷயம். ஒரு மலாய் அங்கிள், தூண்டில் பையைக்கூட திறக்காம டார்ச்சை தரையில அடிச்சிக்கிட்டே நடந்தார். எதையோ தொலைச்சிட்டார்னு நினைச்சு நானும் தேடிக் குடுக்கப் போனேன். அவர் பாத்தது மைக் கறை. காங்கிரீட்ல சோத்தோங் (கணவாய்க்கு மலாய்ல பேர்) மை விழுந்த இடம், கன்னங்கரேல்னு இருந்தா புதுசு, சாம்பலா வெளுத்திருந்தா பழசு. புதுக் கறை நிறைய இருக்குற இடத்துல போய் நின்னார். அதுவும் லைட்டுக்கு நேர் கீழ போடலை, வெளிச்சம் முடிஞ்சு இருட்டு ஆரம்பிக்கிற கோட்டுல போட்டார். சின்ன மீன் வெளிச்சத்துல சுத்தும், சோத்தோங் இருட்டுல நின்னு பாக்கும்னார். ஏறினதும் கறைக்கு மேலயே புதுக் கறை. அவர் போனப்புறம் அதே இடத்துல நான் நின்னேன், விடியிற வரைக்கும் ஒண்ணும் இல்ல, அது வேற விஷயம். இப்பல்லாம் எந்த ஜெட்டிக்குப் போனாலும் குடும்பத்தோட போனாலும் தரையைப் பாத்துத்தான் நடக்கிறேன்.

தொண்டிக்காரன்

முதல்ல ஒண்ணு. நீங்க எல்லாம் பிடிக்கிறது சீப்புக் கொக்கி போட்ட ரெடிமேட் ஜிக்ல. எங்க பாக் நீரிணைப் பக்கம் கையில நூலைச் சுத்திக்கிட்டு வள்ளத்துலயே போய் பிடிப்பாங்க, கரையில நிக்கிறது லீவுக்கு வந்த என்ன மாதிரி ஆளுங்கதான். ரெண்டாவது, ஒட்டிமீன் அண்ணன் சொல்றது பாதி சரி. தின்ன வரும். ஆனா எப்பவும் தின்ன மட்டும் வராது.

எங்க சித்தப்பா ஒரு தடவ, முதல்ல மாட்டினதைத் தூக்கவே இல்ல. அப்படியே தண்ணியில விட்டுப் பிடிச்சாரு. நான் தூக்குங்க தூக்குங்கன்னு அவசரப்படுறேன், அவரு சும்மா இருடாங்குறாரு. கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு வந்து அதைக் கட்டிப் பிடிச்சுச்சு, கை பத்தும் சேத்து. ரெண்டையும் ஒண்ணா கைவலையில அள்ளிட்டாரு. மேல வந்தும் விடலைங்க, பிரிச்சுத்தான் எடுக்கணும். வீட்டுல அறுத்தப்ப முதல்ல மாட்டினதுல முட்டை இருந்துச்சு. அப்போ ரெண்டாவது எதுக்கு வந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க. சித்தப்பா அன்னிக்கு சிரிச்ச சிரிப்பு எனக்குப் பிடிக்கலை, ஆனா சோறு சாப்பிட்டேன்.

ஒட்டிமீன்

முட்டை இருந்தால் என்ன, பசிக்கு முட்டை தெரியுமே. கட்டிப் பிடிச்சது திங்கிறதுக்கு எண்டும் எடுக்கலாம் தானே. கை பத்தாலயும் தான் இரையைப் பிடிக்கும். நீங்கள் கடிச்ச அடையாளம் இருந்ததோ எண்டு பாத்தனீங்களோ?

தொண்டிக்காரன்

பாக்கலை. இருந்திருந்தா சித்தி சொல்லிருப்பாங்க, விலை குறையும்ல.

கல்சட்டி

பிடிக்கிற கதையே ஓடுது, சமைக்கிறவங்க கதையையும் கேளுங்கப்பா. எங்க வீட்டுக்காரர் ராத்திரி ஒரு மணிக்கு பக்கெட்டோட வந்து கிச்சன்ல வெச்சிட்டு படுத்துட்டார். காலையில கட்டிங் போர்டுல வெச்சா, செத்ததுதான், தலையே தனியா வந்துடுச்சு, ஆனா தோல்ல புள்ளி புள்ளியா விரியுது, சுருங்குது, விரியுது. பொண்ணு பாத்துட்டு அம்மா இது இன்னும் உயிரோட இருக்குன்னு கத்திட்டு ஓடிட்டா, அன்னிலேருந்து கடம்பா (கணவாயை நாங்க அப்படித்தான் சொல்வோம்) பக்கமே வர்றதில்ல. ஒவ்வொரு புள்ளியும் ஒரு கலர் பை, சுத்தி குட்டி குட்டி தசை, அது செத்தப்புறமும் கொஞ்ச நேரம் வேலை செய்யும்னு எடுத்துச் சொன்னேன், கேக்கலை.

சரி அது போகட்டும். தம்பி மிளகு போட்டு வறுத்தேன்னு எழுதியிருக்கீங்க, எவ்ளோ நேரம் வறுத்தீங்க? இங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. கடம்பாவுக்கு ரெண்டே வழி. ஒண்ணு ரெண்டு நிமிஷம், இல்ல முக்கால் மணி நேரம். நடுவுல நிறுத்தினா ரப்பர்தான், பல்லு போயிடும். தலையைப் பிடிச்சு இழுத்தா குடல் மொத்தமும் வந்துடும், அதுல வெள்ளி கலர்ல மெலிசா இருக்கே அதுதான் மைப்பை, அதை உடைக்காம எடுங்க, உடைஞ்சா சிங்க் பூரா கறுப்பு. உள்ள கண்ணாடி இறகு மாதிரி ஒரு முள் இருக்கும், உருவிடுங்க. கை எல்லாம் சேர்ற இடத்துல அழுத்தினா அலகு வெளிய துள்ளும், அதை மறந்துட்டு சமைச்சா யாரோ ஒருத்தர் கடிச்சிட்டு முழிப்பாங்க. முக்கியமானது, துணியில ஒத்தி ஒத்தி ஈரமே இல்லாம எடுக்கணும், சட்டி புகையிற சூடுல இருக்கணும், கொஞ்சம் கொஞ்சமா போடணும், மொத்தமா கொட்டினா அது தண்ணி விட்டு அவியல் ஆயிடும். மசாலா முன்னாடியே வதக்கி தனியா வெச்சிருங்க, உப்பு கடைசியில. குழம்புன்னா அவசரமே வேணாம், அதுவே விடுற தண்ணியில சிம்ல வெச்சு மறந்துடுங்க, புளி நல்லா வெந்தப்புறம் ஊத்துங்க. பெருசா இருந்தா உள்பக்கம் கத்தியில குறுக்கும் நெடுக்குமா லேசா கீறிக்கோங்க. ஒரு நாள் ஃப்ரீசர்ல வெச்சு எடுத்தாலும் மெத்துனு ஆகும், அப்பவே பிடிச்சதுதான் ருசின்னு ஆம்பளைங்க பேசுறதை நம்பாதீங்க.

ஒட்டிமீன்

அக்கா, கறிக்கு இறக்கேக்க தேங்காய்ப்பாலும் ஒரு பிடி முருங்கையிலையும் போட்டுப் பாருங்கோ. புளி இதுக்குத் தேவையில்ல.

கல்சட்டி

புளி இல்லாத கடம்பாக் குழம்பா? நல்லா இருக்கே.

பெடோக்காரன்

மைப்பையைத் தூக்கிப் போடச் சொல்றீங்களே அக்கா! மலாய்க்காரங்க வீட்டுல அந்த மையிலயே கறுப்பா சமைப்பாங்க, பல்லெல்லாம் கறுப்பாகும், தட்டு காலியாகும்.

அலைமுகம்

மெல்போர்ன்ல புதுசா போறவங்களுக்கு, யாரும் கேக்கலைன்னாலும் சொல்றேன். 18ல இருந்து 69 வயசு வரைக்கும் மீன்பிடி லைசன்ஸ் வேணும். கலமாரி, ஸ்க்விட், கட்டில்ஃபிஷ்னு கணவாய் வகை எல்லாம் சேத்து ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 10தான். அப்புறம் பாறையில நின்னு ஜிக் போடுறவங்க, தண்ணி வத்தின நேரத்துல காலிச் சிப்பி, பழைய டின் எதையும் கையில எடுக்காதீங்க. என் மச்சான் பையன் அழகா இருக்குன்னு ஒரு சிப்பியை உள்ளங்கையில வெச்சு என்கிட்ட நீட்டினான். உள்ளேருந்து விரல் அளவு ஆக்டோபஸ் எட்டிப் பாக்குது, நீல வளையம் பளிச் பளிச்சுனு. எனக்கு குரலே வரலை. கையைத் தட்டி விட்டேன், சிப்பி பாறையில போய் விழுந்துச்சு, அவன் மாமா ஏன் அடிச்சீங்கன்னு இன்னும் கேக்குறான். அதோட விஷத்துக்கு மாத்து மருந்தே கிடையாது, கடிச்சதுகூட வலிக்காது, மூச்சு தசை நின்னுடும், ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நாமதான் வாயில ஊதிக்கிட்டே இருக்கணும்.

ராத்தூண்டில் (மெல்போர்ன்)

ஜோடியான்னு கேட்டா குழம்புல புளியா பாலான்னு போயிடுச்சு. அலைமுகம் சொன்னதுக்கு அப்புறம் பாறை வேணாம், பியர்லயே நிக்கிறேன். கல்சட்டி அக்கா, நான் வறுத்தது ஏழெட்டு நிமிஷம் இருக்கும், ஆனா ரப்பர் ஆகலையே?

கல்சட்டி

பசி தம்பி.

தொண்டிக்காரன்

யாரோ கிவிப் பழம் தேச்சு ஊற வெச்சா மெத்துனு ஆகும்னு சொன்னாங்க, நிஜமாவா?

கல்சட்டி

ஆகும், ஆனா அரை மணி நேரத்துக்கு மேல வெச்சா கூழாயிடும். அதுக்கு கத்தியில கீறுறதே மேல், கிவி இருந்தா பொண்ணுக்குக் குடுங்க.