கலைச்சொல் வேண்டல்: நடைப்பையும் ‘பேஸ் வெயிட்’டும்

அன்புடைய குழுவினருக்கு,

அமெரிக்காவில் ஏறத்தாழ 4,265 கிலோமீட்டர் நீளும் பசிபிக் கிரெஸ்ட் தடத்தில் நெடுநடை செல்வோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். அதில் பையைத் தேர்ந்தெடுக்கும் இயலே ‘பேஸ் வெயிட்’ என்னும் கணக்கில்தான் தொடங்குகிறது. பை, கூடாரம், படுக்கை, மாற்றுடை ஆகியவற்றின் எடை அதில் சேரும். வழியில் தீர்ந்துபோகும் உணவும் தண்ணீரும் அடுப்பு எரிபொருளும் சேரா. அது 10 பவுண்டுக்குள், அதாவது சுமார் 4.5 கிலோவுக்குள் அடங்கினால் மீயிலகு நடை என்கிறார்கள். சட்டகமில்லாத பை அவர்களுக்கே ஏற்றது. ‘அடிப்படை எடை’ என்று எழுதிக் காட்டியபோது, வெறும் பையின் எடை என்றே மாணவர்கள் பொருள் கொண்டார்கள். தக்க சொல் தந்து உதவ வேண்டுகிறேன்.

*

ஐயா,

தராசு காட்டுவது எடை, உடல் தாங்குவது சுமை. ஆகவே சொல் ‘சுமை’ என்றே முடிய வேண்டும். பைக்கும் நம்மிடம் பழஞ்சொல் இருக்கிறது. அதியமான் பரிசில் தராமல் காலம் நீட்டித்தபோது ஔவையார் வாயிலோனிடம் ‘காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை’ (புறம். 206) என்கிறார். கலங்களை, அதாவது இசைக்கருவிகளை, இட்டுவைக்கும் பை கலப்பை. காவுதல் என்றால் தோளில் சுமத்தல். காவுதடியைக் குறிக்கும் ‘கா’வும், காவடியும் அவ்வழி வந்தவையே. இசைக்கருவிகளைச் சுமந்து ஊர் ஊராக நடந்தவர்களின் சொல், நடைப்பைக்குப் பொருந்தாமல் வேறு எதற்குப் பொருந்தும்? பை கலப்பை, தாங்கள் கேட்டது கலச்சுமை.

*

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

புறநானூற்றின் மீது எனக்கும் அளவற்ற பற்று உண்டு. ஆனால் ‘கலப்பையை முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள்’ என்று எழுதினால் இன்றைய வாசகர் ஏரைத்தான் நினைப்பார். நான் மாணவர்களை மலைநடைக்கு அழைத்துச் செல்பவன். பிடரியில் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை முதுகை நாடாவால் அளந்து, அந்த நீளத்துக்கு ஏற்ற பையைத்தான் எடுக்கச் சொல்கிறேன். பாரத்தின் பெரும்பங்கு இடுப்பில் இறங்க வேண்டும். தோள்வாரை முதலில் இறுக்கிவிட்டால் அது இறங்காது. சட்டகமில்லாத பையில் பஞ்சுப்பாயை மடித்து முதுகுப்பக்கம் செருகி, கனமான பொருளை அதை ஒட்டி நடுவில் வைக்கிறோம். இவ்வளவையும் தமிழிலேயே சொல்ல முடிகிறது. ‘பேஸ் வெயிட்’ ஒன்றை மட்டும் அப்படியே சொன்னால்தான் புரிகிறது. அதையே தமிழெழுத்தில் எழுதுவதில் என்ன குறை?

*

அன்பர்களே,

ஒலிபெயர்ப்பு வாசகருக்குப் பொருளைச் சொல்லாது. நடக்க நடக்கக் குறையாத சுமை ஆதலால் ‘குறையாச் சுமை’ என்கிறேன். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாதலால் வல்லினம் மிகும். அச்சகத்தில் ‘ச்’ என்னும் ஒற்றை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உணவும் நீரும் எரிபொருளும் ‘தீர்சுமை’; இது வினைத்தொகை, ஆகவே ஒற்று வேண்டாம். ‘குறைசுமை’ என்றால் குறைவான சுமை என்று மயக்கம் வரும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. பாலைப்பகுதியில் தீர்சுமை மற்றதை மிஞ்சிவிடவும் கூடும். இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகே பை எவ்வளவு தாங்க வேண்டும் என்று முடிவு செய்ய இயலும்.

*

அனைவருக்கும் நன்றி.

மறுமொழி எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘குறையாச் சுமை’யை ஏற்றிருப்பதாலும், நாள் நெருங்கிவிட்டதாலும் அதையே எடுத்துக்கொள்கிறேன், முதலில் வரும் இடத்தில் மட்டும் பேஸ் வெயிட் என்று பிறைக்குறிக்குள் தருவேன். பைக்கு ‘நடைப்பை’ போதும்.

*

ஐயா,

அச்சுக்குப் போவதைத் தடுக்க நான் விரும்பவில்லை. ஆயினும் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். 1955இல் அமெரிக்காவின் மற்றொரு நெடுந்தடமான அப்பலாச்சியன் தடம் முழுவதையும் தனியே நடந்த எம்மா கேட்வுட், தாமே தைத்த துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். தேவையற்றதை முன்பே விலக்கியதால்தான் அவருக்கு அந்தப் பை போதுமானதாக இருந்தது. புறப்படும் முன் எதைக் குறைக்க வேண்டும் என்று இந்தக் கையேடு இயல் முழுவதும் வற்புறுத்துகிறதோ, அதற்கே ‘குறையா’ என்று பெயர் சூட்டுவது எப்படித் தகும்? இரண்டாம் பதிப்பிலேனும் கலச்சுமையைக் கருதிப் பாருங்கள்.