பேஸைக் கூட்டினா பாடுறவர் குரல் அமுங்குது: டோன் குமிழை எங்கே வைக்கிறது?

கொட்டகலை_செட்:
லயத்துக் காம்பரா, 10க்கு 12 அடி, மேலே தகரம். பழைய ஸ்டீரியோ அம்ப்ளிஃபயர், பக்கத்துக்கு 20 வாட்ஸ். 6 அங்குல ஸ்பீக்கர் பெட்டி ரெண்டும் மூலைக்கு ஒண்ணா சுவரோட ஒட்டி இருக்கு. பேஸ் (தாழ்ந்த ஒலி), ட்ரெபிள் (உச்ச ஒலி) குமிழ் ரெண்டையும் முழுக்கக் கூட்டியிருக்கேன். ஆனாலும் குரல் பானைக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேக்குது. ராத்திரி சத்தத்தைக் குறைச்சா பேஸே இல்ல. ட்ரெபிள் குமிழைத் திருப்பினா கரகரங்குது. ஒலியைப் பட்டை பட்டையாப் பிரிச்சுக் கூட்டிக் குறைக்கிற ஈக்வலைசர் வாங்கணுமா அண்ணே?

மூலைப்பெட்டி:
வாங்காதீங்க தம்பி. முதல்ல ரெண்டு குமிழையும் நடுவுக்கு, 12 மணி நிலைக்குக் கொண்டு வாங்க. மூலை தானாவே பேஸைக் கூட்டிக் கொடுக்கும். 10 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 56 அதிர்வு), 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ் சுத்தி அறையே முழங்கும். அதுக்கு மேல குமிழையும் கூட்டினா கும்முனு இரைச்சல்தான் மிஞ்சும்.

பேஸ் குமிழ் ஆழமான ஒலியை மட்டும் தூக்குறதில்ல. வழக்கமான சர்க்கிட்டில் அதன் பிடி சில நூறு ஹெர்ட்ஸ் வரைக்கும் படிப்படியா நீளும். ஆம்பிளைக் குரலோட அடித்தளம் 100, 150 ஹெர்ட்ஸில்தான் இருக்கு. பானைக் குரலுக்குக் காரணம் அதுதான்.

பெட்டியை மூலையிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளுங்க. உச்ச ஒலி தர்ற சின்னக் கூம்பு (ட்வீட்டர்) காது மட்டத்துக்கு வரட்டும். பிறகு பழகிய பாட்டு ஒண்ணைப் போட்டு, கூட்டுறதுக்குப் பதிலா குறைச்சுப் பாருங்க. குரல் மங்கலா இருந்தா, ட்ரெபிளைத் தொடாம பேஸைக் கொஞ்சம் இறக்குங்க. பாதிப் பிரச்சினை அதிலேயே போயிடும்.

வயர்க்காரன்:
இன்னொண்ணு, வயரைப் பாருங்க. ஒரு பெட்டியில் கூட்டலும் கழித்தலும் மாறியிருந்தா, ஒண்ணு காற்றைத் தள்ளும்போது மத்தது இழுக்கும், பேஸ் செத்துப் போகும். அம்ப்ளிஃபயரை அணைச்சிட்டு, ஒரு பெட்டியில் மட்டும் ரெண்டு வயரையும் மாத்திப் போட்டுக் கேளுங்க. எந்த நிலையில் பேஸ் கூடி, குரல் ரெண்டு பெட்டிக்கும் நடுவில் நிக்குதோ அதுதான் சரி.

முழுக்கக் கூட்டி வைக்கிறது ஆபத்தும்கூட. 10 டெசிபல் (ஒலியை அளக்கிற அலகு) கூட்டினா அந்த அலைவரிசையில் 10 மடங்கு பவர் வேணும். 3 வாட்ஸில் பாடுற பாட்டு அடி விழுற இடத்தில் 30 வாட்ஸ் கேக்கும், உங்க செட்டில் 20தான். அலையோட தலை வெட்டுப்படும், அந்தக் கிழிஞ்ச சத்தம் போய் ட்வீட்டரைத்தான் சுடும். பேஸைக் கூட்டினதுக்கு ட்வீட்டர் எரிஞ்சா யாரும் நம்ப மாட்டாங்க!

ராத்திரி பேஸ் குறையிறது செட்டோட குறை இல்ல. மெல்லிய சத்தத்தில் நம்ம காதுக்கே தாழ்ந்த ஒலி சரியாக் கேக்காது. ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு ஒலி ஆய்வாளர்கள் 1933லேயே அதை அளந்து காட்டிட்டாங்க. மெல்லிய சத்தத்தில் பேஸைத் தூக்கிக் கொடுக்கிற லவுட்னஸ் பொத்தான் அதுக்குத்தான். பகலில் சத்தம் வைக்கும்போது அணைச்சிடுங்க.

சோல்டர்_ஐயா:
கரகரப்புக்கு: மலைப்பக்கத்து ஈரமும் தூசியும் குமிழுக்குள்ள கரித் தடத்தில் படியும். பிளக்கைப் பிடுங்கி 10 நிமிஷம் விடுங்க, மூடியைக் கழட்டினா மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற பெரிய கப்பாசிட்டர் பக்கம் கையே வேணாம். குமிழின் மூணு கால் இருக்கிற இடத்துக்கு மேலே உள்ள சந்தில் கொன்டாக்ட் கிளீனரை ஒரு தரம் அடிச்சு, 30 தடவை முழுக்கத் திருப்பி, நல்லாக் காயவிட்டுப் போடுங்க. துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே வேணாம், அது தூசியைச் சேர்த்துப் பிடிக்கும்.

அப்பவும் கரகரத்தா, குமிழுக்கு முன்னால சர்க்கிட்டில் இருக்கிற கப்பாசிட்டர் கசிஞ்சு குமிழுக்கு டி.சி. (ஒரே திசை மின்சாரம்) வரலாம். அப்படின்னா அதை மாத்தணும். குமிழையே மாத்துறதா இருந்தா பழசின் முதுகில் உள்ள எழுத்தைப் பார்த்து அதையே வாங்குங்க. பி100கே (சீராக் கூடுறது) இருந்த இடத்தில் ஏ100கே (சீரில்லாமக் கூடுறது) போட்டா, நடுவில் வைச்சாலும் ஒலி நேராக நிக்காது.

கொட்டகலை_செட்:
வயர் ஒரு பெட்டியில் மாறித்தான் இருந்திச்சு. இப்ப பேஸ் 11 மணியில் போதும். எஃப்.எம்.மில் மட்டும் உஸ்ஸுனு இரையுது, ட்ரெபிளைக் குறைக்கவா?

வயர்க்காரன்:
வேணாம், ரெண்டு பெட்டிக்கும் ஒரே ஒலியைத் தர்ற மோனோ பொத்தானை அழுத்துங்க. சிக்னல் தளர்ந்த இடத்தில் ஸ்டீரியோதான் இரையும். ‘ச’, ‘ஸ’ மட்டும் சிதறினா மலையில் பட்டுத் திரும்புற அலை. ஏரியலைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி இடம் பிடிங்க.