மலை ரயிலில் வம்பு செய்த பயணிகள்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

ஜன்னலோரம்:
மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி போற மலை ரயில்ல, கல்லாறு தாண்டி பல்சக்கரத் தண்டவாளம் ஆரம்பிச்சதும் வண்டி மணிக்கு 13 கிலோமீட்டர்தான் போகும். அந்த வேகம்தான் வினையே. இறங்கி ரெண்டு எட்டு நடந்துட்டுத் திரும்ப ஏறிக்கலாம்னு எவனுக்கும் தோணும். போன சீசன்ல எங்க பெட்டியில ஒரு மஞ்சள் சட்டைக்குத் தோணிச்சு. கதவைத் திறந்துக்கிட்டு படியில தொங்குறான், ஒரு கையில செல்ஃபி ஸ்டிக். பெட்டிக்கு பிரேக் போடற ஊழியர், அதான் பிரேக்ஸ்மேன், நிக்கிற மேடைக்கு ஒட்டின கதவு அது. அவர் கத்தினார், விசில் ஊதினார். இவன் திரும்பி அவரையும் சேர்த்து ஃப்ரேமுக்குள்ள கொண்டு வந்து சிரிக்கிறான். முன்னால குகை வருது. மலையைக் குடைஞ்ச சுவருக்கும் பெட்டிக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்கும்னு போனவங்களுக்குத் தெரியும். அவர் எட்டி சட்டையைப் பிடிச்சு உள்ளே தள்ளினார்.

வெளியே வந்த வீடியோ அந்தத் தள்ளுல இருந்துதான் ஆரம்பிக்குது. "சுற்றுலாப் பயணியைத் தாக்கிய ஊழியர்." எங்க தெரு வாட்ஸப் குழு வரைக்கும் வந்துடுச்சு. நான் கமெண்ட்ல நடந்ததை எழுதினேன், "ரயில்வேக்கு சொம்பு தூக்காதே"ன்னு முப்பது பேர் வந்துட்டாங்க. அது போகட்டும். குகை முடிஞ்சு வெளிச்சம் வந்ததும் அந்தப் பிரேக்ஸ்மேன் ஜன்னல் வழியா கையை நீட்டி, பிய்ஞ்சு போன சட்டைப் பொத்தானை என்கிட்ட கொடுத்து, "அந்தத் தம்பிகிட்ட குடுத்துருங்கம்மா"ன்னார். இதை யாரும் படம் பிடிக்கல. எனக்கு அது மட்டும்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருது.

பிரேக்கட்டை:
அந்த லைன்ல பிரேக்ஸ்மேனா இருந்தவனுங்க நான், இப்ப ரிட்டயர்டு. பொத்தான் சமாச்சாரம் படிச்சதும் யாரா இருக்கும்னு ஒரு கணக்கு ஓடுது, பேர் சொல்ல மாட்டேன்.

வெளியாளுங்களுக்காக ஒண்ணு. மேலே ஏறும்போது இன்ஜின் கடைசியில இருந்து தள்ளும், டிரைவருக்கு முன்னால பாதை தெரியாது. முதல் பெட்டி முகப்புல நிக்கிற நம்ம ஆள்தான் அவருக்குக் கண்ணு. பெட்டிக்கு ஒருத்தர் நிப்போம். முன்னால இருந்து காட்டுற கொடியை ஒவ்வொருத்தரா பின்னால கடத்தி டிரைவர் வரைக்கும் கொண்டு போறதுதான் வேலை. பச்சைன்னா வா, சிவப்புன்னா நில்லு. அவ்வளவுதான் பாஷை.

ஒரு காலேஜ் கூட்டம். ஒரு வளைவுல ஒரு பொண்ணு சிவப்புத் துப்பட்டாவைக் கழட்டி ஜன்னலுக்கு வெளிய விட்டு ஆட்டுது. ஓன்னு சத்தம். நான் முகப்புல பச்சை காட்டிக்கிட்டு நிக்கறேன். பின்பெட்டி ஆளுக்கு வளைவுல என் கொடி மறைஞ்சு போச்சு, துப்பட்டா தெரியுது. பிரேக்கைச் சுத்திட்டாரு. அவரு பின்னால சிவப்புக் காட்ட, டிரைவரும் பிடிக்க, பன்னெண்டுக்கு ஒண்ணு சரிவுல வண்டி நின்னு போச்சு. பாறை உருண்டு கிடக்கா, யானை நிக்குதான்னு ஆளாளுக்கு எட்டிப் பாக்கறோம். நெஞ்சு அடிச்சுக்குது. அந்தப் பொண்ணு தலையை நீட்டி, "ஃபோட்டோ ஸ்டாப்பா அங்கிள்?"னு கேட்டுச்சு.

பாவம், அதுக்கு என்ன தெரியும். திட்டறதுக்கு வாய் வரல எனக்கு.

ரெண்டு பொண்ணுக்கு அம்மா:
ஜன்னலோரம், நீங்க சொல்றதை நம்பறேன். ஆனா எல்லாத்தையும் அந்தப் பொத்தானை வெச்சு முடிச்சுட முடியாது. அந்த மஞ்சள் சட்டை தொங்கினப்ப பெட்டியில இருந்த மத்தவங்க என்ன செஞ்சாங்க? யாராவது "உள்ள வாப்பா"ன்னு ஒரு வார்த்தை சொன்னாங்களா? இதை ஏன் கேக்கறேன்னா எனக்கு நடந்தது அப்படி.

ரயில் பேரு வேண்டாம். நடுவழி நிறுத்தத்துல எல்லாரும் டீ குடிக்க இறங்கினோம். திரும்ப ஏறினப்ப ஒரு ஏழெட்டு பேர் குளிர்பான பாட்டில்ல கலந்துக்கிட்டு எங்க எதிர்லயே உக்காந்துட்டாங்க. பாட்டு ஆரம்பிச்சுது. வரிகளைச் சொல்ல மாட்டேன். சின்னவளுக்கு ஒண்ணும் புரியல, பெரியவளுக்குப் புரிஞ்சுது, அவ முகத்தை என் தோள்ல புதைச்சுக்கிட்டா. ரயில்வே உதவி எண் 139-க்குப் போட்டேன், காட்டுக்குள்ள டவர் இல்ல. அப்பத்தான் ஒருத்தர் போனை எடுத்தார். தட்டிக் கேக்கப் போறார்னு நினைச்சேன். ரெக்கார்டு பண்ண ஆரம்பிச்சார். அதைப் பாத்து இன்னும் நாலஞ்சு போன் எழும்புது. ஒரு வாய் கூடத் திறக்கல.

வீடியோ வந்துது. குடிச்சவனுங்க முகம் அதுல பாதி மறைஞ்சிருந்துச்சு. என் பொண்ணு அழற முகம்தான் தெளிவா இருந்துச்சு. கீழ கமெண்ட்: பொட்டப் புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எதுக்கு ரிசர்வ் பண்ணாத பெட்டியில ஏறணும்? பொண்ணுங்களைப் பெத்தவளுக்கு புத்தி வேணாமா?

எனக்கு இப்ப அந்தக் குடிகாரனுங்க மேல இருக்கற கோபத்தை விட அந்தப் போன்காரங்க மேலதான் அதிகம். அநியாயமா இருக்கலாம். இருந்துட்டுப் போகட்டும்.

ஜன்னலோரம்:
அக்கா, ஒரு பெரியவர் சொன்னார். மஞ்சள் சட்டை "உன் வேலையைப் பாரு தாத்தா"ன்னான்.

பிரிவு 145:
எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. ஊட்டியிலிருந்து இறங்கும்போது ஒருவர் பெட்டிக்குள்ளேயே சிகரெட் பற்ற வைத்தார், சொன்னேன், அணைத்துவிட்டார். அதுவல்ல விஷயம். மேலே எழுதிய எல்லாரும் சட்டத்தை மறந்துவிட்டீர்கள்.

1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் இருக்கிறது. 145-ஆவது பிரிவு: போதையில் இருப்பவர், தொல்லை கொடுப்பவர், ஆபாசமாகப் பேசுபவர் ஆகியோரை ரயில்வே ஊழியர் வண்டியிலிருந்து அப்புறப்படுத்தலாம், தண்டனையும் உண்டு. 156: எச்சரித்த பிறகும் கூரை, படிக்கட்டு, இன்ஜினில் பயணம் செய்தால் குற்றம், படியில் தொங்குபவரை அகற்றவும் அதிகாரம் உண்டு. ஆக மஞ்சள் சட்டை விவகாரத்தில் பிரேக்ஸ்மேன் செய்ததற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 167: பெட்டியில் புகைப்பது பற்றியது. ரிசர்வ் செய்த இருக்கையில் அடுத்தவர் வந்து உட்கார்ந்து எழ மறுத்தால் 155. சகோதரி, உங்கள் எதிரில் உட்கார்ந்தவர்கள் மீது 145 தெளிவாகப் பொருந்தும். செய்ய வேண்டியது என்னவென்றால், முதலில் பெட்டி எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். டவர் கிடைக்கும் அடுத்த நிலையத்தில் ரயில்வேயின் புகார் செயலியான 'ரயில் மதத்'தில் (Rail Madad) புகார் பதிய வேண்டும். புகார் எண் வரும், அதைப் படம் எடுத்து வைக்க வேண்டும். வண்டிக்குப் பொறுப்பான கார்டைத் தேடிப் போய் எழுத்தில் கொடுக்க வேண்டும், வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவர்களின் பெயரைச் சாட்சியாகக் கேட்டு வாங்க வேண்டும். வீடியோ எடுப்பவரைத் திட்டாதீர்கள், வெட்டாத முழுப் பதிவையும் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதுவே நாளை உங்களுக்குச் சாட்சி. இறங்கியதும் ரயில்வே போலீஸில் புகார் கொடுத்தால் மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாம் உரிமைகளைப் பயன்படுத்துவதில்லை, பிறகு புலம்புகிறோம்.

ரெண்டு பொண்ணுக்கு அம்மா:
ஒரு கையில சின்னவ, ஒரு கையில பெரியவ. பெட்டி எண்ணை எந்தக் கையில எழுத, சார்?

மச்சானின் மாப்பிள்ளை:
இதை இங்க எழுதலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். ஜன்னலோரம், அந்தப் பெட்டியில இன்னொரு மஞ்சள் சட்டை இருந்தது. என் மச்சான். கட்டம் போட்டது, வெளிர் மஞ்சள். மடியில குழந்தையை வெச்சுக்கிட்டு எதிர் வரிசையில இருந்தார்.

முதல் வீடியோவுக்கு எல்லாரும் பிரேக்ஸ்மேனைத் திட்டினாங்க. சில நாள் கழிச்சு வேற யாரோ எடுத்த முழு வீடியோ வந்துது, அதுல அவன் தொங்கினது, அவர் கத்தினது எல்லாம் இருந்துச்சு. உடனே காத்து மாறிடுச்சு. அவரைத் திட்டின அதே ஆளுங்க "மஞ்சள் சட்டையைக் கண்டுபிடி"ன்னு கிளம்பினாங்க. பெட்டிக்குள்ள எடுத்த ஒரு குரூப் ஃபோட்டோவுல மச்சான் முகம் மட்டும் தெளிவா விழுந்திருக்கு. வட்டம் போட்டுட்டாங்க. அவர் வேலை பாக்கற இடத்தோட இணையப் பக்கத்துல போய் மதிப்பீட்டுல ஒரு நட்சத்திரம், ஒரு நட்சத்திரமா போட்டுத் தள்றாங்க. முதலாளி கூப்பிட்டுக் கேக்கறார். "நான் இல்லைங்க, என் சட்டையில கட்டம் இருக்கு"ன்னு இவர் அந்தச் சட்டையை எடுத்துக்கிட்டுப் போய் மேஜை மேல விரிச்சுக் காட்டியிருக்கார். நாப்பது வயசு மனுஷன். அந்தக் காட்சியை நினைச்சா எனக்கு இன்னும் வயித்தைப் பிசையுது.

நிஜ மஞ்சள் சட்டைக்கு என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது. அது மச்சான் இல்லைன்னு வந்த மறுப்புப் பதிவை எத்தனை பேர் பார்த்தாங்கன்னு கேக்காதீங்க.

ஜன்னலோரம்:
ஐயோ. அவரைப் பார்த்த ஞாபகம் இருக்கு. குழந்தை தூங்கிக்கிட்டு இருந்தது. வேணும்னா அவர் முதலாளிகிட்ட நானே பேசறேன், தனியா செய்தி அனுப்புங்க.

கொண்டைஊசி:
இதெல்லாம் நம்ம ஊர்ல மட்டும்னு நினைக்காதீங்க. 2015 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல நாபா பள்ளத்தாக்கு வைன் ரயில்ல நடந்தது தெரியும்தானே? புத்தக வாசிப்புக் குழுப் பெண்கள் 11 பேர், அதுல 10 பேர் கறுப்பினத்தவர், ஒருத்தருக்கு 80 வயசுக்கு மேல. சத்தமா சிரிக்கறாங்கன்னு புகார்னு சொல்லி செயின்ட் ஹெலினா நிலையத்துல இறக்கிவிட்டுட்டாங்க. போலீஸ் காத்துக்கிட்டிருந்தது. அதை விட மோசம் அடுத்தது. அந்தப் பெண்கள் வாயாலயும் கையாலயும் மத்தவங்களைத் தாக்கினாங்கன்னு நிறுவனம் ஃபேஸ்புக்ல ஒரு பதிவு போட்டுச்சு. அப்புறம் அதை எடுத்துட்டாங்க, தலைமை அதிகாரி பகிரங்கமா மன்னிப்புக் கேட்டார். வழக்கு 1.1 கோடி டாலர் கேட்டுப் போய், 2016-ல சமரசத்துல முடிஞ்சுது.

பிரிவு 145 சார், இதையும் யோசிங்க. "தொல்லை"ன்னா என்னன்னு முடிவு பண்றது யாரு? சிரிப்பும் தொல்லையாகலாம், சிரிக்கறவங்க யாருங்கறதைப் பொறுத்து. படியில தொங்கறதும் அதுவும் ஒண்ணில்ல. ஒண்ணுல உயிர் போகும், இன்னொண்ணுல பக்கத்து சீட்டுக்காரர் தூக்கம்தான் போகும்.

நான் பார்த்தது சின்ன விஷயம். சாப்பாட்டோட வர்ற ஒரு சுற்றுலா ரயில், எந்த நாடுன்னு கூட வேண்டாம். ஒரு பெரிய குடும்பம், பாட்டுக்குப் பாட்டு நடக்குது. முன் சீட்டுக்காரர் பரிமாறுறவரைக் கூப்பிட்டு "இவங்களை நிறுத்து"ன்னார். அந்தப் பையன் நேரா குடும்பத்துப் பாட்டிகிட்ட போய் மண்டி போட்டு உக்காந்து, மெதுவா, "அடுத்த பெட்டி காலியா இருக்கு, ஜன்னல் பெருசு, எல்லாருமா அங்க உக்காந்து பாடலாமே, டீ அங்கயே கொண்டாறேன்"னான். பாட்டி முதல்ல எழுந்துது. பின்னாலயே மொத்தக் கூட்டமும் போச்சு. புகார் சொன்னவர் அரை மணி நேரத்துல அந்தப் பெட்டிக்குப் போய்ட்டார்.

மழைக்கால வண்டி:
வடகிழக்குப் பருவமழை சமயம். சென்னையில இருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ்ல மேட்டுப்பாளையம் வந்து இறங்கினா, மண்சரிவு, மலை வண்டி ரத்துன்னு போர்டு. கவுன்டர்ல கூச்சல். "யுனெஸ்கோ பட்டம் 2005-லயே வாங்கத் தெரிஞ்சுது, மண்ணை அள்ளத் தெரியாதா"ன்னு ஒருத்தர் லைவ் போட்டுக்கிட்டே கத்தறார். கவுன்டர்ல இருந்தவர் ஒரு வார்த்தை பதில் பேசாம தன் போனைக் கண்ணாடியில ஒட்டிக் காட்டினார். தண்டவாளத்து மேல ஆட்டோ உயரத்துக்கு ஒரு பாறை. கத்தினவர் உத்துப் பார்த்துட்டு, "இதை எனக்கு ஃபார்வேர்டு பண்ணுங்க சார்"னார். வரிசையில இருந்த எல்லாரும் வாங்கிக்கிட்டோம். அப்புறம் பஸ் பிடிச்சு மலை ஏறினோம்.

பிரிவு 145:
கொண்டைஊசி நண்பரே, வெளிநாட்டு உதாரணம் இங்கே செல்லாது. இங்கே சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது, அப்புறப்படுத்தலாம் என்று. ஊழியர்கள் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தாததால்தான் இத்தனையும். பிரேக்கட்டை ஐயாவே சொல்லட்டும், உங்கள் பணிக்காலத்தில் எத்தனை பேரை இறக்கிவிட்டீர்கள்?

பிரேக்கட்டை:
இறக்கறதா? எங்க சாமி இறக்கறது? கல்லாறுல ஏறினா குன்னூர் வரைக்கும் முழுக்கக் காடு. நடுவுல அட்டர்லி ஸ்டேஷன்ல இறக்கிவிட்டா அவனை யானை விசாரிக்கும், அப்புறம் எங்களைப் போலீஸ் விசாரிக்கும். ஹில்குரோவ் ஸ்டேஷன்ல இன்ஜினுக்குத் தண்ணி பிடிக்க நிக்கறப்ப கார்டுகிட்ட சொல்லலாம், அவரும் வந்து பேசுவாரு, அவ்வளவுதான். குன்னூர் வந்தாத்தான் போலீஸ். அதுவரைக்கும் அவன் நம்ம கூடத்தான் வரணும். நாம பிரேக்கை விட்டுட்டுப் போய் அவன்கூட மல்லுக்கட்ட முடியாது, அந்தப் பெட்டிக்கு வேற ஆள் கிடையாது.

அந்தப் பரிமாறுற பையன் செஞ்சான்னு சொன்னீங்களே, அதுதாங்க நாங்களும் செய்வோம். ரொம்ப ஆட்டம் போடறவனை அடுத்த நிறுத்தத்துல நைசா பேசி, நல்லா குடும்பமா வந்திருக்கற ஒரு பாட்டியம்மா பக்கத்துல உக்கார வெச்சிருவோம். "பாட்டிக்கு மூச்சு வாங்குது, கொஞ்சம் பாத்துக்கப்பா"ன்னு சொல்லிட்டு வந்துருவோம். அந்தம்மா அவன் ஊர், படிப்பு, கல்யாணம், சம்பளம் எல்லாம் விசாரிச்சு முடிக்கறதுக்குள்ள ரன்னிமேடு ஸ்டேஷன் வந்துரும்.

மாப்பிள்ளை தம்பி, உங்க மச்சான் மறுபடி இந்தப் பக்கம் வந்தா சொல்லுங்க. முகப்பு சீட்டுக்கு முன்கூட்டியே புக் பண்ணச் சொல்லுங்க. வேற கலர் சட்டை போட்டுக்கிட்டு வரட்டும். சிவப்பு மட்டும் வேண்டாம்.