மறு: ஹெட் றெஸ்ற்றுக்குத் தமிழ் – ‘பிடரித்தாங்கி’யை மீளப் பெறுகிறேன்

எல்லோருக்கும் வணக்கம்.

கார் ஆசனத்தின் மேல், தலைக்குப் பின்னால் நிற்கிற ‘ஹெட் றெஸ்ற்’றுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிற இந்த இழையில், போன கிழமை நான் எழுதிய ‘பிடரித்தாங்கி’யை நானே மீளப் பெறுகிறேன். இலக்கணத்தில் குறையில்லை. குறை எங்கே என்று காட்டித் தந்தவர் எங்கள் காரைப் பார்க்கிற மெக்கானிக்.

சனிக்கிழமை எண்ணெய் மாற்றக் கொண்டுபோனபோது, புதுச்சொல் ஒன்று வைத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். “பிடரித்தாங்கியோ? நல்லாயிருக்கு அண்ணை” என்றவர், சும்மா நிற்காமல் சாரதி ஆசனத்துக்குப் பின்னால் போய், பக்கத்துப் பொத்தானை அமத்தி, அந்தச் சாமானை என் பிடரிக்கு நேரே இறக்கிவிட்டார். “இப்ப சரிதானே?”

சரியேயில்லை. பின்னால் ஒரு வாகனம் வந்து இடித்தால் ஆசனம் நம் முதுகைத் தள்ளிக்கொண்டு முன்னே பாயும். தலை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். பார்க்கிறவருக்குத் தலை பின்னால் எறியப்பட்டதுபோலத் தெரிந்தாலும், உண்மையில் உடம்புதான் தலையை விட்டுவிட்டுப் போகிறது. இடையில் மாட்டுப்படுவது கழுத்து. அந்த நேரத்தில் பிடரிக்கு நேரே ஒரு முட்டு இருந்தால், முழங்காலில் வைத்து விறகு முறிக்கிற கதைதான். அமெரிக்கக் காப்புறுதி நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் வீதிப் பாதுகாப்பு ஆய்வு நிலையம் சொல்லும் கணக்கு இது: ஹெட் றெஸ்ற்றின் மேல் விளிம்பு உச்சந்தலையிலிருந்து 9 சென்ரிமீற்றருக்கு மேல் இறங்கக்கூடாது, தலைக்கும் அதற்கும் இடைவெளி 10 சென்ரிமீற்றருக்குள் இருக்கவேண்டும். என்னுடைய சொல்லோ அதை அரைச்சாண் கீழே இறக்கிவிட்டது.

இதையெல்லாம் விளக்கி முடித்ததும் அவர் யோசித்துவிட்டு, “ஓ, தலையை ஏந்துற சாமான்” என்றார். மேலே உயர்த்தினார். பிறகு நான் கேட்காமலே ஆசனத்தின் சாய்வையும் நிமிர்த்தினார். “ஏந்துறதெண்டால் கிட்ட நிக்கவேணுமே.”

ஒரு கிழமையாக நாங்கள் தேடியது அந்த வினைச்சொல்லைத்தான். ஆகவே என் புதிய முன்மொழிவு: தலையேந்தி.

சென்னை நண்பர் ‘தலையணை’யையே கார்களுக்கும் நீட்டலாம் என்று எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. தலையணை என்றால் தலை சாய்த்து ஓய்வெடுக்கிற சாமான் ஆகிவிடும். ஆங்கிலத்திலும் இதே வழுக்கல் நடந்தது. அமெரிக்காவில் 1969 தொடக்கம் புதிய கார்களின் முன்னாசனங்களுக்கு இது கட்டாயம். சட்டம் அதை ‘றெஸ்ட்ரெயின்ற்’ என்றது, அதாவது தலையை மறித்துப் பிடிப்பது. சனம் அதை ‘றெஸ்ற்’ ஆக்கிவிட்டது. தலை சாய்க்கிற சாமான் என்றால், சாய்க்காதவருக்கு அது வேண்டாத பாரம்தானே? கழற்றி டிக்கிக்குள் போட்டுவிடுவார்.

‘தலைத்தாங்கி’ என்று சொல்லலாமே என்றால், அதில் வேறு சிக்கல். எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் தாங்கி என்றால் தொட்டி: தண்ணீர்த்தாங்கி, எரிபொருள் தாங்கி. கூரைக்கு மேல் நிற்கிற சாமானைத்தான் ஆட்கள் நினைப்பார்கள். ஆனால் சுமைதாங்கியை நினைத்தால் அந்தச் சொல்லை விடவும் மனமில்லை. பழைய தெருவோரங்களில் நிற்கிற அந்தக் கல்லைக் கட்டியவர்களுக்கு உயரத்தின் அருமை தெரிந்திருக்கிறது. தலைச்சுமைக்காரர் குனியாமல் பாரத்தை அப்படியே நகர்த்தி வைக்கலாம். ஒரு முழம் பதிந்திருந்தால் யாருக்கும் பயனில்லை.

இதற்கு ஒரு கராஜ்ச் சொல்கூட எங்களிடம் ஏன் பிறக்கவில்லை என்றும் யோசித்தேன். யாழ்ப்பாணம் கார் ஓடப் பழகியது ஒஸ்ரின், மொறிஸ் மைனர் என்ற பழைய இங்கிலாந்துக் கார்களில். அவற்றின் ஆசனம் தோளோடு முடிந்துவிடும். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல் அவற்றையே மண்ணெண்ணெயில் ஓட்டினோம். காபரேற்றருக்குள் பெற்றோல் சொட்டு விட்டு உயிர்ப்பிக்கத் தெரிந்த தலைமுறைக்குத் தலைக்குப் பின்னால் என்ன இருக்கவேண்டும் என்ற கேள்வியே வரவில்லை.

சொல் அழகாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு சீற் பெல்ற்றுக்கு வைத்த ‘ஆசனப்பட்டி’யே சாட்சி. இலங்கையில் 2011இல் முன்னாசனக்காரருக்குப் பட்டி கட்டாயமானபோது செய்திகளிலெல்லாம் அந்தச் சொல்தான். இன்றைக்கும் அறிவித்தலில் இருக்கிறது. வாயில் இல்லை. “பெல்ற்றைப் போடு” என்றுதான் நானும் மகனுக்குச் சொல்கிறேன். ஆகவே என் சோதனை ஒன்றுதான்: ஏறும்போது பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ஏவலாகச் சொல்ல வருகிறதா? “தலையேந்தியை உயர்த்து.” எனக்கு வருகிறது.

மறுப்பையும் நானே சொல்லிவிடுகிறேன். வீட்டில் இந்தச் சொல்லைக் கேட்டதும், “காளி கையில தலையேந்தி நிக்கிறா, அதுவோ?” என்று மனைவி சிரித்தார். நியாயமான கேள்விதான். காருக்குள் அந்த மயக்கம் வராது என்று நம்புகிறேன்.

எயார்பாக்குக்கு வைத்த ‘காற்றுப்பை’யையும் மாற்றவேண்டும் என்று கேட்டவருக்கு: அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள். அதுவும் மெத்தைபோல ஆசை காட்டுகிற சொல்தான். கண் இமைக்க முன் வெடித்து விரிகிற பை அது; பெல்ற் போட்டிருப்பவருக்குத் துணையாக வைத்தது. ஆனால் ‘வெடிபை’ மட்டும் வேண்டாம். எங்கள் ஊரில் அந்தச் சொல்லோடு யாரும் நிம்மதியாகக் காருக்குள் இருக்கமாட்டார்கள்.

பின்குறிப்பு: எங்கள் காரின் பின்னாசனத் தலையேந்திகள் இரண்டும் கட்டிலுக்குக் கீழே, பிரிக்காத பொலித்தீனோடு கிடந்தன. பின்கண்ணாடியை மறைக்கிறது என்று நான்தான் கழற்றியிருக்கிறேன். ஒன்றைப் பூட்டியாயிற்று. மற்றது துளைக்குள் இறங்க மறுக்கிறது. திங்கட்கிழமை திரும்பக் கராஜுக்குப் போகிறேன்.